தொப்பிக் குழாய்

செஞ்சி
6.10.2024

அன்புள்ள மாமாவுக்கு லதா எழுதிக்கொண்டது.

நானும் நிலாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? குஜராத்தில் ரொட்டியாகத் தின்று நைனா இளைத்துவிட்டது என்று நிலா சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தாளாம். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேசத் தோன்றும், பேசினால் சண்டை வரும்.

பத்து வருஷக் குடித்தனத்தில் நாம் உருப்படியாகப் போட்ட ஒப்பந்தம் இது ஒன்றுதான். போன் பிள்ளைக்கு, கடிதம் நமக்கு. போனில் நான் பத்து நிமிஷம் பேசி முடிக்கிறேன், நீங்கள் 'ம்' என்கிறீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. காகிதத்தில் 'ம்' மட்டும் எழுதி யாரும் தபாலில் போடுவதில்லை, அந்த மட்டும் நிம்மதி.

நீங்கள் செய்து அனுப்பிய டீசல் டேங்க் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சிங்கவரம் ரோட்டில் பங்க் திறந்து ஒரு மாதம் ஆகிறது. டீசல் மட்டும்தான். டிராக்டர், அறுப்பு மிஷின், மினி பஸ் எல்லாம் வருகின்றன. டேங்கைப் புதைக்கப் பள்ளம் தோண்டி நாலடியில் பாறை கண்டதும் பங்க் முதலாளி பீமாராவ் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார் என்று எழுதினேனே, நினைவிருக்கிறதா? கோட்டை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வெடி வைக்க யார் விடுவார்கள்? "தரைக்கு மேலயே வைக்கிற டேங்க்கு எங்க வூட்டுக்காரரு வேல செய்ற எடத்துல செய்றாங்க சார்" என்று அன்றைக்கு நான் சொன்னதுதான், இன்றைக்கு என்னைப் பகல் ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறது. நேற்றுவரை என்னோடு டீசல் பிடித்த தனகோட்டி அண்ணனே "இன்சார்ஜ் அம்மா" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறார். காலையில் அளவுகோல் விட்டு டீசல் பார்ப்பதும் நான்தான், நோட்டில் எழுதுவதும் நான்தான்.

டேங்கில் உங்கள் வெல்டர் நம்பர் 17 குத்தியிருக்கிறதல்லவா, நிலா ஸ்கூல் விட்டு வந்ததும் சுவருக்கு வெளியே நின்று "நைனா நம்பரு" என்று காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

சுற்றிலும் இடுப்பளவுக்குச் சுவர் எதற்கு, டேங்க் தலைமேல் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு குழாய் நிற்கிறதே அது எதற்கு என்றெல்லாம் வருகிறவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை. தனகோட்டி அண்ணனிடம் கேட்டால் "அழகுக்கு" என்கிறார். விவரமாக எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சுமலதா


காந்திதாம்
17.10.2024

அன்புள்ள லதாவுக்கு எழிலன் எழுதுவது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முதுகு வலிக்கிறது, அது பழகிவிட்டது. நீயும் நிலாவும் மழையில் நனையாதீர்கள்.

இன்சார்ஜ் அம்மாவுக்கு வணக்கம். முதலில் சுவர். டேங்கே உடைந்து அத்தனை டீசலும் கொட்டினாலும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும், ஒரு சொட்டு ரோட்டுக்கோ வயலுக்கோ போகக் கூடாது. அதற்குத்தான் அந்த உயரம். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு வால்வு இருக்கும். எப்போதும் அதை மூடியே வை. மழை விட்டதும் உள்ளே தேங்கியது வெறும் தண்ணீர்தானா, மேலே எண்ணெய் மினுமினுக்கிறதா என்று பார். தண்ணீர்தான் என்றால் திறந்துவிடு. வடிகிறவரை அங்கேயே நில். வடிந்ததும் மூடு. தினம் யார் திறந்து மூடுவது என்று பல இடங்களில் திறந்தே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் சுவர் இருந்து என்ன, இல்லாமல் என்ன?

லாரி வந்து டீசல் இறக்கும்போது தீப்பொறி வராமல் தடுக்கிற எர்த் கம்பியை முதலில் மாட்டு, குழாயை அப்புறம் மாட்டு. கழற்றும்போது கம்பியைக் கடைசியில் கழற்று. டிரைவர் அவசரப்பட்டால் அவசரப்படட்டும். டேங்க் பக்கம் வண்டி ரிவர்ஸ் எடுக்க விடாதே. முன்னால் நட்டிருக்கிற இரும்புத் தூண்கள் அதற்குத்தான்.

இன்னும் எழுத நினைத்தேன். அதற்குள் ஒரு செய்தி வந்துவிட்டது, கை பரபரக்கிறது. லதா, எங்கள் முதலாளி செய்யாற்றில் புது யார்டு திறக்கிறார். மாசி மாதம் வேலை ஆரம்பம். இங்கிருந்து நாலு வெல்டர்களை அனுப்பப் போகிறார்கள். ஃபோர்மேன் என் பெயரையும் எழுதியிருக்கிறார். ஒரே நிபந்தனை, அவரவர் நம்பர் மேல் ஒரு புகார்கூட இருக்கக் கூடாது. என் மேல் ஏது புகார்? ஏழு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

செய்யாற்றிலிருந்து செஞ்சிக்கு இரண்டு மணி நேர பஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு உன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். நிலாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. உறுதியானதும் சொல்லலாம்.

இப்படிக்கு
எழிலன்


செஞ்சி
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. நீங்கள் அனுப்பிய பாவாடை நிலாவுக்கு ஒரு சாண் நீளம், மடித்துத் தைத்துவிட்டேன். உங்களுக்குச் சளி என்று நிலா சொன்னாள். மிளகு போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். செய்யாறு! அந்த பஸ் பங்க் வழியாகப் போகாது, இருந்தாலும் எந்த பஸ் வந்தாலும் போர்டைப் பார்க்கிறேன். நிலாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ஏழு வருஷம், மாமா. அவளுக்கு ஒரு வயது ஆனபோது போனீர்கள். வருஷத்துக்கு இருபது நாள் லீவில் வந்து, முதல் பத்து நாள் கூச்சம், அடுத்த பத்து நாள் சண்டை. நமக்குப் பழகவே நேரம் கிடைக்கவில்லை. இனி கிடைக்கும்.

வால்வை நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். மழை விட்டதும் நானே நின்று வடித்துவிட்டு மூடுகிறேன்.

ஒரு சங்கடம் நடந்தது. அவலூர்பேட்டையிலிருந்து ஒரு டிராக்டர்காரர் வந்து, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பத்து பேர் முன்னால் என்னைக் கேட்டுவிட்டார். கடைசியில் பார்த்தால் அவர் கேனில்தான் தண்ணீர். ஆனாலும் பீமாராவ் சார், "டேங்க்ல ஒரு சொட்டுத் தண்ணி எறங்குனாலும் உன்னத்தாம்மா கேப்பேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே எழுந்துபோய் டேங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அங்கே யார் தடவிவிடப் போகிறார்கள்? மாசி வரட்டும்.

உங்கள்
லதா


காந்திதாம்
16.11.2024

அன்புள்ள லதா,

சளி போய்விட்டது. கஷாயம் வைக்கவில்லை, தானாகப் போனது. உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

பட்டியல் வந்துவிட்டது. நாலு பேரில் என் பெயர் இரண்டாவது. ஃபோர்மேன் தோளில் தட்டி, என்னவோ இந்தியில் சொன்னார், நல்ல வார்த்தைதான். அறையில் எட்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீர் விஷயத்துக்குப் பயப்படாதே. என் டேங்கில் தண்ணீர் இறங்காது.

முதல் பத்து நாள் கூச்சம் என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான். இனிமேல் நிலாவிடம் சொல்லிவிடலாம்.

எழிலன்


செஞ்சி
8.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். புயல் செய்தி பார்த்து நீங்கள் தவித்திருப்பீர்கள். மூன்று நாள் போன் வேலை செய்யவில்லை. பின்பக்கச் சுவர் கொஞ்சம் இடிந்தது, வேறு சேதமில்லை. சிங்கவரம் பக்கம் நெல்லெல்லாம் படுத்துவிட்டது.

பங்க்கில் கூரைத் தகடு இரண்டு பறந்துவிட்டது. டேங்க் மேலிருந்த குழாயின் தொப்பியும் போய்விட்டது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை, எங்கள் ஜெனரேட்டர் தண்ணீரில் நின்றது. ஐந்தாம் தேதி காலையில்தான் கரண்ட் வந்தது. வந்ததும் ஊரே திரண்டுவிட்டது. டிராக்டர், ஜெனரேட்டருக்குக் கேன், தண்ணீர் இறைக்கிற மிஷினுக்குக் கேன். காலை ஏழு மணியிலிருந்து பம்ப் நிற்கவே இல்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். டமார் என்று ஒரு சத்தம். இடி என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் டேங்கின் ஒரு பக்கம் அப்படியே உள்ளே குழிந்து போயிருந்தது.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன். வண்டிகளை ஸ்டார்ட் செய்யவிடாமல் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். வடிகால் வால்வு மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், மூடியிருந்தது. மணல் வாளியோடு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பங்க்கை மூடிவிட்டார்கள். "தகடு மெலிசு, வெல்டிங் மோசம், ஏமாத்திட்டானுங்க" என்று பீமாராவ் சார் கத்திக்கொண்டிருக்கிறார். உங்கள் யார்டுக்குப் புகார் எழுதப் போவதாகச் சொல்கிறார். வேறென்ன எழுதுவது? நிலாவுக்கு ஸ்கூல் லீவு, என்னோடுதான் இருக்கிறாள்.

லதா


காந்திதாம்
19.12.2024

அன்புள்ள லதாவுக்கு,

நீங்கள் இருவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற வரியை நூறு தடவை படித்தேன். எனக்கு அது போதும்.

புகார் வந்துவிட்டது, போட்டோவோடு. ஃபோர்மேன் கூப்பிட்டுக் காட்டினார். ரொம்ப நேரம் பார்த்தேன். தகட்டின் குறையாக இருக்கலாம், அன்றைக்கு என் கை சரியில்லாமலும் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணை முடிகிறவரை வெல்டிங்கைத் தொடக் கூடாது என்று கிரைண்டிங் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். செய்யாறு பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். போகட்டும். செய்யாறு எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதிகாரிகள் வந்து கேட்டால் எதுவும் சொல்லாதே. தெரியாது என்று சொல். நீ இன்சார்ஜ் ஆனதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. அந்த நாற்காலியை விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நிலாவோடு பேசினேன். நன்றாகக் கதை சொல்கிறாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு.

எழிலன்


செஞ்சி
27.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரைண்டிங் தூசி உங்களுக்கு ஆகாது, துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

டேங்கில் மிச்சமிருந்த டீசலை லாரியில் எடுத்துப் போய்விட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் டேங்கைச் சோதிக்க அதிகாரி வருவாராம். சும்மா உட்கார்ந்திருக்கிறோம். தனகோட்டி அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் கடிதம் எனக்குப் புரியவே இல்லை. குழம்பில் உப்பு கம்மி என்று நான் ஒப்புக்கொண்டாலும் 'ஏன் கம்மி' என்று அரை மணி நேரம் சண்டை போடுகிற ஆள் நீங்கள். ஏழு வருஷத்தில் ஒரு புகார் இல்லாத கை என்று மார்தட்டியவர். அந்தக் கையைப் பிறத்தியார் குறை சொன்னதும் 'இருக்கலாம்' என்று தலையாட்டிவிட்டு வந்தீர்களா? கடிதத்தில் ஒரு சண்டைகூட இல்லை. பயமாக இருக்கிறது.

நிலா என்ன கதை சொன்னாள்?

லதா


செஞ்சி
7.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் வரவில்லை. பதினோரு நாளாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை, மன்னியுங்கள். எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன்.

டேங்கைக் கெடுத்தது நான்தான்.

புயலில் அந்தத் தொப்பி பறந்த பிறகு குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மழை ஊற்றுகிறது. டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடும், என்னைத்தான் கேட்பார்கள் என்ற ஒரே நினைப்பு. டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் யூரியா மூட்டைக்குள் வருமே கெட்டியான பிளாஸ்டிக் பை, அதை நாலாக மடித்துக் குழாய் வாயில் போட்டேன். மேலே உங்கள் பழைய நீலக்கட்டம் கைலியைக் கிழித்து, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிற மாதிரி மூன்று சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினேன். தனகோட்டி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கி வந்து, எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறேன் என்று நானே அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் அம்மா கட்டினால்கூட அப்படி இருக்காது.

ஐந்தாம் தேதி மதியத்திலிருந்தே டீசல் மெதுவாகத்தான் வந்தது. ஃபில்டரில் அடைப்பு என்று நினைத்தேன். நாலு மணிக்கு அந்தச் சத்தம். எல்லோரையும் விரட்டிவிட்டு நிற்கும்போது தனகோட்டி அண்ணன் மேலே பார்த்து, "யம்மா, அந்த வேடு" என்றார். ஏறிப் போய்ப் பார்த்தேன். பை குழாய்க்குள் ஒட்டிப்போய்ப் பள்ளமாக இழுத்துக்கொண்டிருந்தது. முடிச்சை அறுத்ததும் டேங்க் 'ஹா' என்று காற்றை இழுத்தது. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. நிலா ஜூஸ் டப்பாவை உறிஞ்சினால் டப்பா ஒட்டிப்போகிறதே, அதேதான். காலையிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறோம், உள்ளே காற்று போக வழியில்லை.

துணியையும் பையையும் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். "யாருக்கும் சொல்லாதீங்கண்ணே" என்றேன். அவருக்கு என்மேல் பிரியம், வாயைத் திறக்கவில்லை.

பீமாராவ் சார் புகார் எழுதும்போது பக்கத்தில்தான் நின்றேன். பெரிய யார்டுதானே, வேறு டேங்க் அனுப்பிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் யோசிக்கவில்லை. பதினேழு என்ற நம்பர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதற்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் என்ன செய்துவைத்தேன் என்று தெரிந்தது. அப்போதாவது எழுதினேனா? உங்களையே குறுக்குக் கேள்வி கேட்டு எழுதினேன். எனக்கே என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

நாளை மறுநாள் அதிகாரி வருகிறார். பீமாராவ் சாரிடமும் அவரிடமும் சொல்லிவிடப் போகிறேன். நாற்காலி போனால் போகட்டும். எனக்கு நீங்கள் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வரவேண்டும்.

லதா


காந்திதாம்
7.1.2025

அன்புள்ள லதாவுக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் காய்ச்சல் என்று நிலா சொன்னாள். மாத்திரை வாங்கிப் போடு.

எனக்கு எல்லாம் தெரியும். டிசம்பர் பதினைந்தாம் தேதி நிலா சொன்னாள், "நைனா, ஒன் கைலிய அம்மா கிழிச்சிட்டுது. டேங்க்கு குழாக்கு வேடு கட்டுச்சி. இன்னா அழகா கட்டுச்சி தெரியுமா!" அவளுக்குச் சிரிப்பு. மறுநாள் போட்டோ வந்தது. வெல்டிங் விட்டுப்போன டேங்க் கசியும், இப்படி உள்ளே குழியாது. இங்கே கிரைண்டிங் பையனுக்குக்கூட அது தெரியும். ஃபோர்மேனுக்கும் சந்தேகம்தான். நான் ஒப்புக்கொண்டதால் பேசாமல் இருந்துவிட்டார்.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்பாய். உன் கடிதங்களை எல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அக்டோபர் ஆறாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தொப்பி போட்ட குழாய் எதற்கு, விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். நான் சுவரைப் பற்றி எழுதினேன், வால்வைப் பற்றி எழுதினேன், இரும்புத் தூணைப் பற்றிக்கூட எழுதினேன். குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. செய்யாறு என்றதும் கடிதத்தை முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி எழுதியிருந்தால் நீ ஏணியில் ஏறியிருக்க மாட்டாய். போனில் 'ம்' சொல்கிறேன் என்று கடிதத்துக்கு மாறினோம். கடிதத்திலும் அதையே செய்திருக்கிறேன்.

அதனால் தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். நீ யாரிடமும் எதையும் சொல்லாதே. பங்க்கில் டீசல் பிடித்துக்கொண்டிருந்தவள் இன்சார்ஜ் ஆகியிருக்கிறாய். இன்னும் இரண்டு வருஷம் நான் இங்கே இருந்துவிட்டுப் போகிறேன்.

இந்தக் கடிதம் அதிகாரி வருவதற்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

எழிலன்


செஞ்சி
18.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் ஸ்பீடு போஸ்ட் பதின்மூன்றாம் தேதி, போகி அன்றைக்கு வந்தது. அதிகாரி ஒன்பதாம் தேதியே வந்து போய்விட்டார். நல்லவேளை, தாமதமாக வந்தது.

எட்டாம் தேதி பீமாராவ் சாரைத் தேடிப் போனேன், அவர் சென்னைக்குப் போயிருந்தார். அதனால் ஒன்பதாம் தேதி அதிகாரி முன்னாலேயே சொல்லவேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டுப் பையிலிருந்து உங்கள் கைலித் துணியை எடுத்து மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். தனகோட்டி அண்ணன் எழுந்து, "ஏணிய நான்தான் சார் புடிச்சேன்" என்றார். பீமாராவ் சார் முகம் கறுத்துவிட்டது. திட்டப் போகிறார் என்று நின்றேன். ஆனால் அவர் சொன்னார், "தொப்பி போயிடுச்சின்னு இந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லுச்சி சார். ஏதாச்சும் போட்டு மூடி வையின்னு சொன்னது நான்தான்." எனக்கு அது மறந்தே போயிருந்தது மாமா. அவர் நினைவு வைத்திருந்தார். டேங்கோடு வந்த ஆங்கிலப் புத்தகம் அவர் மேஜையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதிகாரி அதைப் பிரித்து, குழாய் படம் போட்டிருக்கும் பக்கத்தைக் காட்டினார்.

அப்புறம் நடந்ததை நீங்கள் நிதானமாகப் படிக்கவேண்டும். அதிகாரி டேங்கைச் சுற்றி நீங்கள் வெல்டிங் வைத்த ஜாயிண்ட் எல்லாவற்றின் மேலும் ஒரு சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். துடைத்துவிட்டு, வெள்ளை மருந்து அடித்தார். எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாகக் கசியுமாம். ஒவ்வொரு ஜாயிண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. நிமிர்ந்து, "தகடு இவ்ளோ மடங்கியிருக்குது, ஒரு ஜாயிண்ட் கூட விடலியே. யாருய்யா இத செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு சார்" என்றேன். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

ஒரு ஜாயிண்ட் விட்டிருந்தால்கூட அன்றைக்கு, அத்தனை வண்டிகளுக்கு நடுவில், என்ன ஆகியிருக்கும்? நிலா ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள் மாமா. உங்கள் கைதான் எங்களைக் காப்பாற்றியது. அந்தக் கையைத்தான் நான் பழி சுமக்க விட்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக பீமாராவ் சார் அன்றைக்கே உங்கள் யார்டுக்கு எழுதிவிட்டார். அதிகாரியின் கடிதமும் போயிருக்கிறது. புது டேங்கும் அங்கேதான் சொல்லியிருக்கிறார், பதினேழாம் நம்பர்தான் செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு இன்சார்ஜ் வேலை இல்லை. தனகோட்டி அண்ணன்தான் இனி இன்சார்ஜ். பங்க் திறந்ததும் நான் பழையபடி டீசல் பிடிப்பேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆங்கிலப் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கி வந்திருக்கிறேன். தினம் ஒரு பக்கம், தெரியாத வார்த்தையைப் போனில் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது.

நாற்காலிக்காக நீங்கள் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்துக்கொண்டேன். இப்படியெல்லாம் தனியாக முடிவு எடுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

உங்கள்
லதா


காந்திதாம்
4.2.2025

அன்புள்ள லதா,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகுகூட வலிக்கவில்லை. நீயும் நிலாவும் நன்றாக இருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

அதிகாரியின் கடிதத்தை ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். பொய்யாக ஏன் ஒப்புக்கொண்டாய் என்று அப்புறம் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். திட்டிவிட்டு, செய்யாறு பட்டியலில் என் பெயரைத் திரும்ப எழுதினார். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டேங்க் ஒன்றின் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். சிவப்புச் சாயம் வருகிற இடத்துக்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

உங்கள் புது டேங்கை முந்தாநாள் முடித்தேன். அது லாரியில் வரும், நான் ரயிலில் வருகிறேன். இருபதாம் தேதி கிளம்புகிறேன். மாசி பதினேழு, மார்ச் ஒன்றாம் தேதி, செய்யாற்றில் வேலைக்குச் சேரவேண்டும். நடுவில் ஒரு வாரம் வீட்டில்தான். பழைய தொப்பி மெல்லிசு, காற்றுக்கு நிற்கவில்லை. அதனால் துருப்பிடிக்காத தகட்டில், பூச்சி போகாமல் வலை வைத்து, என் கையாலேயே ஒரு தொப்பி செய்து என் பையில் வைத்திருக்கிறேன். அதை நீதான் ஏணியில் ஏறி மாட்டவேண்டும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

முதல் பத்து நாள் கூச்சத்துக்கு இந்தத் தடவை நேரமில்லை. நேராகச் சண்டையிலேயே ஆரம்பித்துவிடலாம்.

அக்டோபர் ஆறாம் தேதி நீ கேட்டதற்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. இப்போது உனக்கே தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் போகவேண்டும். லதா, அந்தக் குழாய் அழகுக்கு இல்லை. டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். லாரியிலிருந்து டீசல் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே போகவேண்டும். டேங்க் மூச்சு விடுகிற வழி அதுதான். தொப்பி மழைக்காக. அதை எப்போதும் அடைக்கக் கூடாது.

நாலு மாதம் தாமதம். இனி நீ கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், 'ம்' என்று மட்டும் சொல்லமாட்டேன்.

எழிலன்